தலைப்பை விட்டு நகரும் பேச்சு: நீக்குவதா, விட்டுவிடுவதா?

தொலைநோக்கி வைத்திருப்போருக்கான சிறிய இணையக் குழுமம் ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து சம்பளமில்லாமல் கவனித்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார். தொலைநோக்கியின் பெரிய ஆடியை, அதாவது கண்ணாடியை, துடைப்பது எப்படி என்று ஓர் உறுப்பினர் தொடங்கிய உரையாடல் இழையில் நான்கைந்து நல்ல பதில்கள் வந்தன. பிறகு ஒருவர், நிலவில் விட்டுவந்த இறங்குகலம் நம் தொலைநோக்கியில் தெரியுமா என்று கேட்டார். பழைய உறுப்பினர் ஒருவர் கணக்குப் போட்டுத் தெரியாது என்று விளக்கினார். அடுத்து வந்தவர், மனிதன் நிலவுக்குப் போனதே பொய் என்றார். அங்கிருந்து வல்லரசுகளின் அரசியல் தொடங்கியது. மட்டுறுத்துநரான இவர் நாற்பது பதிவுகளை ஒரே மூச்சில் நீக்கினார். மறுநாள் அந்தப் பழைய உறுப்பினர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். அதே வாரம் இன்னொருவர், இந்த இடம் வெறும் அரட்டைக் கூடமாகிவிட்டது என்று எழுதிவிட்டுப் போனார். நீக்கினாலும் திட்டு, விட்டாலும் திட்டு. எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது கேள்வி.

கண்டிப்பின் அளவைக் கேட்பது போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எது தலைப்புக்குள் அடங்கும் என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது? தீர்மானித்த பிறகு, எழுதியவரை இழக்காமல் எழுதியதை எப்படி அப்புறப்படுத்துவது? இரண்டாவதற்கு ஓரளவு உறுதியான விடைகள் உண்டு. முதலாவதற்கு அந்த அளவு உறுதி கிடையாது. நான் தொழில்நுட்ப உதவிக் குழுமங்களிலும் பொழுதுபோக்குக் குழுமங்களிலும் பல ஆண்டுகள் மட்டுறுத்துநராக இருந்திருக்கிறேன். இந்தத் துறையில் வெளிவரும் ஆய்வுகளையும் படித்துவருகிறேன். ஆய்வு சொல்வது எது, என் அனுபவம் சொல்வது எது என்று ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

தலைப்புக்குப் புறம்பானவை என்று நீங்கள் ஒரே கணக்கில் எழுதும் பதிவுகள் ஒரே ரகம் அல்ல. விளம்பரக் குப்பையை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர்கள் இருவர், கிரீன் கார்டு எனப்படும் குடியேற்ற அட்டைக்கான குலுக்கலுக்கு உதவுவதாக ஒரே விளம்பரத்தை யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையமைப்பின் ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டார்கள். அப்போது எழுந்த கொதிப்பு, விளம்பரம் தலைப்புக்குப் பொருந்தவில்லை என்பதால் மட்டும் வந்ததல்ல. எந்தக் குழுவில் இருந்த எவரோடும் பேசுவதற்காக அது எழுதப்படவே இல்லை. பேச வராதவருக்கு விளக்கம் எதற்கு? அப்படியே நீக்கலாம், ஒருவரும் வருந்தப் போவதில்லை.

சரியான கேள்வியைத் தவறான பிரிவில் போடுவது இன்னொரு ரகம். எந்தக் கண்ணருகு வில்லை வாங்கலாம் என்பதை ஒளிப்படப் பிரிவில் கேட்டவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. பிரிவுகளுக்குப் பெயர் வைத்தது அவர் அல்ல. நகர்த்திவிட்டு, நகர்த்தியதை ஒரு வரியில் தெரிவித்தால் முடிந்தது. வேறிடத்துச் சண்டையை இங்கே இழுத்துவருவது முற்றிலும் வேறு. அதைத் தலைப்பு விவகாரமாக நடத்தவே கூடாது. நடத்தினால், அடுத்த முறை அதே சண்டையைத் தலைப்புக்குள் நின்றுகொண்டே போடுவார்கள், உங்களுக்கு வாய் திறக்க வழியிருக்காது. அது நடத்தை பற்றியது. நடத்தைக்கான விதியைக் கொண்டே அதைத் தடுக்க வேண்டும்.

மிஞ்சுவது, யாரும் திட்டமிடாமல் பேச்சு தானாக நகர்வது. உங்கள் தலைவலி இதுதான். பெரும்பாலான மட்டுறுத்துநர்களின் தலைவலியும் இதுதான். நாலு பேர் பேசினால் பேச்சு நகரத்தான் செய்யும். எனவே நகர்ந்ததா என்று பார்ப்பதில் பயனில்லை. நகர்ந்ததால் யாருக்கு என்ன இழப்பு என்று பாருங்கள். ஓர் இழையில் மூவருக்குப் பங்கு உண்டு: கேள்வி கேட்டவர், இப்போது பேசிக்கொண்டிருப்பவர்கள், ஓராண்டு கழித்துத் தேடிக்கொண்டு வரப்போகும் முன்பின் தெரியாத ஒருவர். கேட்டவருக்கு விடை கிடைக்கும் முன்பே பேச்சு திரும்பிவிட்டால் அவருக்கு இழப்பு, அதுவும் பெரிய இழப்பு. புதியவர் ஒருவர் முதன்முதலாகக் கேட்ட கேள்விக்கு அடியில் பழையவர்கள் தங்களுக்குள் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தால் அவர் மறுபடி வரமாட்டார். இங்கே நான் தயங்காமல் குறுக்கிடுவேன், எழுதியவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். விடை வந்த பிறகு நகர்ந்தால் கேட்டவருக்கு நட்டமில்லை, பேசுபவர்களுக்கோ லாபம். நட்டம் பின்னாளில் தேடிக்கொண்டு வருபவருக்குத்தான், அறுபது பதிவுகளைப் புரட்டி ஐந்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதே என்று.

இந்த உரைகல்லில் உங்கள் இழையை உரசிப் பாருங்கள். ஆடி துடைப்பவருக்கு விடை கிடைத்துவிட்டது. தேடி வருபவரின் நட்டத்தைத் தீர்க்கப் பதிவுகளை வேறிடத்துக்கு நகர்த்தினாலே போதும். அடுத்து, இறங்குகலம் தெரியுமா என்ற கேள்வி தொலைநோக்கிக் குழுமத்துக்குப் புறம்பானதே அல்ல. 200 மில்லிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியால் நிலவின் தொலைவில், அதாவது சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். இறங்குகலத்தின் அடிப்பகுதி கால்களோடு சேர்த்தும் பத்து மீட்டர் அகலம் இல்லை. பிரிதிறன் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகக் கற்றுத்தர முடியாது. விலகிப்போனவர் இதைத்தான் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்; அரசியலோடு சேர்ந்து அதுவும் போயிற்று. அவருடைய கோபம் கண்டிப்பின் மீது அல்ல என்று நினைக்கிறேன். தன் எழுத்தும் நிலவுப் பயணம் பொய் என்றவரின் எழுத்தும் ஒரே துடைப்பத்தால் பெருக்கப்பட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

எது தலைப்பு என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை மிகப் பயனுள்ள விளக்கத்தைத் தந்தவர்கள் ரென், கிரௌட், கீஸ்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள். சமூக உளவியலில் ஏற்கெனவே இருந்த ஒரு வேறுபாட்டை 2007-இல் அவர்கள் இணையக் குழுமங்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். சிலர் குழுவின் நோக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். சிலர் அங்கிருக்கும் மனிதர்களோடு ஒட்டிக்கொள்கிறார்கள். நோக்கத்துக்காக வந்தவருக்குப் புறம்பான பேச்சு வெறும் இரைச்சல். அது கூடக்கூட அவர் விலகுவார். மனிதர்களுக்காக வருபவருக்கு அந்தப் பேச்சுத்தான் ஒட்டும் பசை. அதை எடுத்துவிட்டால் அவர் வருவதற்குக் காரணமே இல்லை. முதல் வகைக் குழு புதியவர்களை எளிதில் ஏற்கும். யாராவது போனாலும் பெரிதாக ஆடாது. இரண்டாம் வகையில் புதியவர் உள்ளே நுழைவது கடினம். ஒருவர் போனால் அவருக்கு நெருங்கியவர்களும் பின்னாலேயே போகக்கூடும்.

இது ஒரு கோட்பாடு. இதை ஆதரிக்கும் சோதனைகள் பின்னர் வந்திருக்கின்றன என்றாலும், நடைமுறையில் முழுக்க முதல் வகையாகவோ முழுக்க இரண்டாம் வகையாகவோ இருக்கும் குழுமத்தை நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் ஒரே குழுமத்தில் இரண்டு வகை மனிதர்களும் இருப்பார்கள். உங்களை விட்டுப் போன இருவருமே அதற்குச் சாட்சி. அரட்டைக் கூடம் என்றவர் நோக்கத்துக்காக வந்தவர். கோபித்துக்கொண்டு போன பழைய உறுப்பினர் மனிதர்களுக்காகத் தங்கியவர். தொலைநோக்கியைப் பற்றி அவர் புதிதாகத் தெரிந்துகொள்ள உங்கள் குழுமத்தில் அநேகமாக ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே எல்லா இடத்துக்கும் ஒரே அளவான கண்டிப்பு எதை வைத்தாலும் ஒரு தரப்பு போகும். கண்டிப்பை இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றக் கூடாது.

நீண்ட காலம் தாக்குப்பிடித்த இடங்கள் பலவும் இதைத்தான் செய்திருக்கின்றன. யூஸ்நெட்டின் குழுக்களை 1986, 87-இல் மொத்தமாகப் பெயர் மாற்றி அடுக்கியபோது, கணினி, அறிவியல், பொழுதுபோக்கு என்ற பெரும்பிரிவுகளோடு, முடிவில்லாமல் வாதாடுவதற்கென்றே ஒரு பெரும்பிரிவையும் வைத்தார்கள். ரெட்டிட் என்ற பெரிய விவாதத் தளத்தில் இயங்கும் ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ் குழுவின் கண்டிப்பு பெயர்பெற்றது. வரலாற்றுக் கேள்விக்கு அடியில் வேடிக்கைக்காக ஒரு வரி எழுதினாலும் போய்விடும். சில இழைகளில் மிஞ்சும் பதில்களைவிட நீக்கப்பட்டவையே அதிகம். அதே குழு வெள்ளிக்கிழமை தோறும் எதையும் பேசலாம் என்று ஓர் இழையைத் திறந்துவிடுகிறது. நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு விடையின் கீழ் பின்னூட்டங்கள் நீண்டுகொண்டே போனால், அரட்டை அறைக்குப் போய்ப் பேசலாமே என்று மென்பொருளே கேட்கும். விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கங்கள் கட்டுரையை மேம்படுத்துவதற்கு மட்டுமே. திசைமாறிய உரையாடலை அங்கே மடித்துவைக்கும் வழக்கமும் உண்டு. வேண்டியவர் விரித்துப் படிக்கலாம்.

இனி எப்படி அகற்றுவது என்ற பகுதி. நீக்குவதைவிட நகர்த்துவதற்கு எதிர்ப்பு குறைவு என்று இணையக் குழுமங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுவே. ஆனால் நகர்த்துவதிலும் கைப்பக்குவம் வேண்டும். எங்கே திரும்பியதோ அந்தப் பதிவிலிருந்து பிரியுங்கள். அதற்கு அடுத்ததிலிருந்து பிரித்தால் புதிய இழை தலையில்லாத முண்டமாக நிற்கும். புதிய இழைக்கு வைக்கும் தலைப்பில் கேலியோ கோபமோ துளியும் இருக்கக் கூடாது. "வெட்டிப் பேச்சு" என்று தலைப்பு வைத்து நகர்த்துவதற்குப் பேசாமல் நீக்கியே விடலாம். பழைய இழையின் முடிவில் புதியதற்கு ஓர் இணைப்பு, புதியதன் தொடக்கத்தில் பழையதற்கு ஓர் இணைப்பு. ஒரே பதிவில் பாதி ஆடிக்கும் பாதி நிலவுக்கும் பதில் இருந்தால் அதைப் பழைய இழையிலேயே விட்டுவிட்டு, புதிய இழையில் மேற்கோளாகக் காட்டுங்கள். ஒருவருடைய பதிவைத் திருத்தி இரண்டாக்கும் வேலை மட்டும் வேண்டாம். அவர் எழுதாததை அவர் பெயரில் விட்டுவைப்பது போலாகிவிடும்.

நீங்கள் நீக்கிய நாற்பதும் அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. இப்போதைய மென்பொருள்கள் பலவற்றில் நீக்குதல் என்பது உறுப்பினர் கண்ணிலிருந்து மறைப்பது மட்டுமே. மட்டுறுத்துநர் மீட்க முடியும். இறங்குகலம் பற்றிய கேள்வியையும் அதற்கு வந்த விளக்கங்களையும் மீட்டு, தனி இழையாக்குங்கள். நிலவுப் பயணம் பொய் என்ற வாதத்தில், அங்கே வைத்துவந்த பிரதிபலிப்பான்கள், அவற்றில் லேசர் பாய்ச்சித் தொலைவை அளப்பது என்று யாராவது விஷயத்தோடு பதில் சொல்லியிருந்தால் அதையும் சேர்க்கலாம். அரசியல் இருந்த இடத்திலேயே மறைந்திருக்கட்டும். விலகியவருக்குத் தனிமடல் எழுதுவதானால் இழையைப் பிரித்து முடித்த பிறகு, அதன் இணைப்போடு எழுதுங்கள். மன்னிப்பு இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம்.

காரணம் சொல்வது பற்றி ஆய்வு தெளிவாக இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ரெட்டிட்டின் பதிவுகளை மிகப் பெரிய அளவில் அலசியது. காரணம் சொல்லிப் பதிவு நீக்கப்பட்டவர்களுடைய அடுத்தடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைந்தது. விளக்கத்தைத் தானியங்கி நிரல் எழுதினாலும் மனிதர் எழுதினாலும் இந்த விஷயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பது எனக்கே வியப்பளித்தது. அதே ஆண்டு, பதிவு நீக்கப்பட்ட 907 பேரிடம் கேட்ட இன்னோர் ஆய்வில், நீக்கியது சரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் 18 விழுக்காடு. ஏன் நீக்கினார்கள் என்றே புரியவில்லை என்றவர்கள் 37 விழுக்காடு. முதல் ஆய்வு நடந்ததைப் பார்த்துக் கணக்கிட்டதே தவிர, சோதனை அல்ல. காரணம் சொல்லும் பழக்கமுள்ள குழுக்கள் மற்ற வகைகளிலும் நன்றாக நடத்தப்படும் குழுக்களாக இருக்கலாம். அப்படியிருந்தாலும், காரணம் சொல்வதால் செலவு ஒரு வரிதான்.

அந்த ஒரு வரியின் சொற்கள் முக்கியம். "விதி 4-ஐ மீறியதால் நீக்கப்பட்டது" என்பது காவல்நிலையக் குரல். "உங்கள் கேள்விக்கு இந்த இழையில் பதில் சொல்பவர்கள் குறைவு, ஒளிப்படப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன், இணைப்பு இது" என்பது உதவி. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. பதிவு சென்ற இடத்தைச் சொல்லாமல் போனதை மட்டும் சொல்லும் அறிவிப்பை நான் எழுதுவதில்லை. பொதுவில் சொல்வதா தனிமடலிலா என்பதற்கு ஆய்வுப்பூர்வமான ஒரே விடை இருப்பதாகத் தெரியவில்லை. நான் செய்வது இது: நகர்த்தியதைப் பொதுவில், ஆளின் பெயரைச் சொல்லாமல், இனி இப்படி வேண்டாம் என்பதைத் தனிமடலில். இருவர் மட்டும் மாறி மாறி வாதாடிக்கொண்டிருந்தால் தனிமடலுக்குப் போகச் சொல்வது பழைய மரபு. 1995 அக்டோபரில் வெளியான இணைய ஒழுங்குக் குறிப்பு, ஆர்.எஃப்.சி. 1855, அதைத்தான் சொல்கிறது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்றால் முடிவில் சுருக்கம் எழுதலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்தச் சுருக்கம் எழுதச் சொல்லும் உத்தியைப் பயன்படுத்திப் பாருங்கள். பாதிச் சண்டைகள் சுருக்கம் எழுத உட்காரும்போதே வடிந்துவிடும்.

அதே குறிப்பு, ஒரு குழுவில் எழுதத் தொடங்கும் முன் ஓரிரு மாதங்கள் வெறுமனே படிக்கச் சொல்கிறது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்றைய புதியவர் தேடுபொறி வழியாக நேரே ஓர் இழைக்குள் வந்து விழுகிறார்; முகப்பில் நீங்கள் ஒட்டிவைத்திருக்கும் விதிகள் அவர் கண்ணில் படவே படாது. விதியை அவர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு வலுவான சான்று இருக்கிறது. ரெட்டிட்டின் மிகப் பெரிய அறிவியல் குழுவில் நேதன் மத்தாயஸ் என்ற ஆய்வாளர் 2,190 உரையாடல்களைக் கொண்டு நடத்திய சோதனை 2019-இல் வெளியானது. குலுக்கல் முறையில் தேர்ந்த உரையாடல்களின் தலையில் மட்டும் விதிகளைச் சுருக்கமாக ஒட்டினார்கள். அவற்றில் விதிப்படி எழுதிய புதியவர்களின் பங்கு எட்டு விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 விழுக்காடு கூடியது. விதியைக் காட்டினால் புதியவர் பயந்து ஓடிவிடுவார் என்ற பொது நம்பிக்கைக்கு இது நேர் எதிர். உங்கள் சிறிய குழுமத்தில் இதே அளவு பலன் வரும் என்று சொல்லமாட்டேன். அந்தக் குழு மிகப் பெரியது; அறிமுகமற்றவர்கள் கூட்டம் அது. ஆனால் பலன் எதிர்த்திசைக்கு மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விதி எத்தனை விசித்திரமாக இருந்தாலும் தெரியச் சொல்லி, தொடர்ந்து காத்தால் நிற்கும். ரெட்டிட்டில் நோஸ்லீப் என்ற திகில் கதைக் குழு இருக்கிறது. பின்னூட்டத்தில் எல்லாரும் கதையை உண்மை போலவே பாவித்துப் பேச வேண்டும் என்பது அங்கே விதி. "நல்ல கற்பனை" என்று பாராட்டினாலும் புறம்பான பேச்சுத்தான். 2014-இல் அந்தக் குழு தளத்தின் இயல்புப் பட்டியலில், அதாவது புதிதாகச் சேரும் எவருக்கும் தானாகவே காட்டப்படும் குழுக்களில், சேர்க்கப்பட்டு, ஒன்றும் தெரியாத புதியவர்கள் வெள்ளமாக வந்தபோதும் அந்த விதி கரையவில்லை. ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் முதன்மையானது, மட்டுறுத்துநர்கள் ஒருங்கிணைந்து விடாமல் கவனித்தது. பழைய உறுப்பினர்கள் விதியைத் தாங்களே எடுத்துச் சொன்னதும் மென்பொருள் கருவிகளும் உதவின.

உறுப்பினர்களே வாக்களித்துக் கீழே தள்ளிவிடட்டும், நமக்கேன் வம்பு என்று தோன்றும். அதை நம்பி இருக்க வேண்டாம். நான்கு செய்தித் தளங்களின் பின்னூட்டங்களை வைத்து 2014-இல் வந்த ஓர் ஆய்வில், எதிர்வாக்கு வாங்கியவர்கள் திருந்தவில்லை. முன்னைவிட அதிகமாகவும் மோசமாகவும் எழுதினார்கள், மற்றவர்களுக்கும் எதிர்வாக்குப் போடத் தொடங்கினார்கள். எதிர்வாக்கு காரணம் சொல்வதில்லை, போக வேண்டிய இடத்தையும் காட்டுவதில்லை. உறுப்பினர்களின் உதவி வேண்டும் என்றால் ஒரு பதிவை உங்கள் பார்வைக்குக் கொண்டுவரும் கொடி காட்டும் பொத்தான் மேல்; முடிவு உங்களிடம் இருக்கும். ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இன்னொரு வழியைக் காட்டியது. உறுப்பினர்களில் சிலருக்கு அவ்வப்போது சில மதிப்பீட்டுப் புள்ளிகளைக் கொடுத்து, சில நாட்களில் அவை காலாவதியாகும்படி வைத்தார்கள். பதிவுக்கு ஒட்டும் முத்திரைகளில் தலைப்புக்குப் புறம்பானது என்பதும் ஒன்று. பிறகு, அந்த மதிப்பீடுகள் நியாயமா என்று வேறு உறுப்பினர்களைப் பார்க்கவைத்தார்கள். உங்கள் அளவுக்கு அது தேவைக்கு மிஞ்சிய இயந்திரம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தீர்ப்பவரையும் யாராவது பார்க்க வேண்டும் என்பது. நீங்கள் வாதாடும் இழையில் நீங்கள் கை வைக்காதீர்கள். மற்ற மட்டுறுத்துநரை அழையுங்கள். இருவரும் செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரே மாதிரிப் பதிவுக்கு நீங்கள் ஒன்றும் அவர் ஒன்றும் செய்தது அப்போதுதான் வெளிப்படும்.

பொதுப் பேச்சுக்கு ஓர் அறை திறப்பது பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. நான் திறக்கச் சொல்வேன், இரண்டு நிபந்தனைகளோடு. அந்த அறைக்குக் காவல் குறைவாகப் போதும் என்று நினைக்காதீர்கள். என் அனுபவத்தில், மற்ற எல்லா அறைகளையும் சேர்த்தால் ஆகும் வேலையைவிட அங்கே ஆகும் வேலை அதிகம். அடுத்து, நடப்பு அரசியலுக்கு அங்கும் இடம் வேண்டாம். அரசியல் தாழ்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆடி துடைக்கக் கற்றுத்தருபவரும் கற்பவரும் வாக்குச்சாவடியில் எதிரெதிர்ப் பக்கம் நிற்பவர்களாக இருக்கலாம். அதை அவர்கள் தெரிந்துகொண்ட மறுநாளிலிருந்து கற்பித்தலில் ஒரு கசப்பு ஏறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இது என் கருத்து மட்டுமே. அரசியல் அறையை நன்றாக நடத்தும் குழுமங்களும் இருக்கின்றன.

தலைப்புக்குப் புறம்பானது என்ற தீர்ப்பை ஆயுதமாக எடுப்பவர்கள் விஷயத்தில் கவனமாக இருங்கள். எடுப்பது சில சமயம் மட்டுறுத்துநராகவே இருக்கும். இங்கே கேள்வி கேட்கும் பெண்களுக்குத் தனிமடலில் தொல்லை வருகிறது என்று ஒருவர் எழுதினால், அது தொலைநோக்கி பற்றியதல்ல என்று மூடுவது எளிது, விதிப்படியும் சரி. விளம்பரம் தரும் கடையைக் குறைசொன்னாலும், மட்டுறுத்துநரைக் குறைசொன்னாலும் அதே கதைதான். குழுமம் நடத்தப்படும் விதம் பற்றிய பேச்சுக்குக் குழுமத்துக்குள் ஓரிடம் கட்டாயம் வேண்டும். அந்த இடம் இல்லாதபோது இப்படிப்பட்ட பதிவு எந்த இழையில் வந்தாலும் அது புறம்பானதல்ல. பிரித்து வையுங்கள், மூடாதீர்கள். துயரச் செய்திகளுக்கும் விதியைத் தளர்த்தலாம். உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டாலோ, எல்லாரையும் உலுக்கிய பேரிடர் நேர்ந்தாலோ, ஓர் இழையைத் திறந்து, இத்தனை நாள் திறந்திருக்கும் என்று முதலிலேயே எழுதிவிட்டால் மூடும்போது யாரும் புண்பட மாட்டார்கள்.

செய்யும் மாற்றங்கள் பலிக்கின்றனவா என்பதை நீக்கிய பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து அளக்காதீர்கள். அது உங்கள் உழைப்பின் அளவு, குழுமத்தின் நிலை அல்ல. நான் பார்ப்பவை இரண்டு. கேட்டவருக்கு விடை கிடைக்காமலேயே முடிந்த இழைகள் குறைகின்றனவா? முதல் பதிவு போட்ட புதியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதையும் போடுகிறார்கள்? முதல் பதிவுக்குப் பதில் கிடைத்த புதியவர் மறுபடி எழுதும் வாய்ப்பு அதிகம் என்று யூஸ்நெட் போன்ற விவாதக் குழுக்களை வைத்து 2006-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே முதலாவது குறையக் குறைய இரண்டாவது கூடும் என்று எதிர்பார்க்கலாம். மாதத்துக்கு ஒருமுறை, அந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு அவர்கள் எழுதியதையும் அவர்களுக்கு வந்த பதில்களையும் வரிசையாகப் படியுங்கள். உங்கள் அளவுள்ள குழுமத்தில் அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.